முதல் பந்து கணக்கில் இல்லை

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பேசிப் பழகிய காலத்திலேயே நான் அதைச் சொன்னதில்லை. "டாக்டர்" என்பதோடு சரி. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரத்தம் எடுக்கிற பெண் யாராக இருந்தாலும் ஊர் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடும். அந்தக் கணக்கில் எங்கள் தலத்தெருவில் எனக்கு எண்பது வயது அண்ணன்கள்கூட உண்டு. அவர் மட்டும் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். "ஏங்க" என்பார். வீட்டில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற அதே "ஏங்க". கேட்டவர்கள் சிரிப்பார்கள், எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒரு நாள் அவர் கிளினிக் திறக்கவில்லை என்றால் அந்தச் சத்தத்தைக் காது தேடும்.

அவர் கிளினிக்கும் என் லேபும் ஒரே கட்டடம். நடுச்சுவரில், முன்பு அங்கே மருந்துக்கடை இருந்தபோது வைத்த ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அவர் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார், நான் ரிசல்ட்டைக் கொடுப்பேன். ஏழு வருஷம் நான் அவரை அதிகமாகப் பார்த்தது அந்த ஜன்னல் அளவுக்குத்தான்: நெற்றி, கண்ணாடி, வலது கை. அந்தக் கையில் எப்போதும் ஒரு கிரிக்கெட் பந்து இருக்கும். தையல் பிரிந்து, சிவப்பு போய், மரத்தூள் நிறத்துக்கு வந்துவிட்ட பந்து. நோயாளி பேசப் பேச அது அவர் விரல்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பேச்சு முடிந்ததும் சீட்டுக் கட்டின்மேல் பாரமாக உட்கார்ந்துகொள்ளும். நண்டு விற்கிற அம்மா ஒருவர் முதல் தடவை வந்தபோது, "டாக்டரு பழத்தைக் கையில வச்சிக்கிட்டே இருக்காரே, சாப்புடுறதுதானே" என்று என்னிடம் வந்து கேட்டார்.

லெக் ஸ்பின் போடுகிறவர். மோதிர விரலின் பக்கத்தில் பட்டாணி அளவுக்குக் காய்ப்பு இருந்தது. அந்த விரலால்தான் வயிற்றையும் அழுத்திப் பார்ப்பார்.

கிளினிக்கில் அவர் அடிக்கடி சொன்ன சொல் "ட்ரயல் பால்". காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு முதல் நாள் ஊசி கிடையாது.

"ஊசி போடலையா டாக்டர்?"

"இன்னைக்கு ட்ரயல் பாலுங்க. கஞ்சி குடிங்க, இந்த மாத்திரைய மூணு வேளை போடுங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, அப்ப ஆடுவோம்."

ஊசி போடாத டாக்டரிடம் யார் வருவார்கள் என்று நான் நினைத்தேன். வந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு மறுபடி வரத் தேவையே இருக்காது.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. நாங்கள் அக்கா தங்கை இரண்டே பேர். வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, தெருவில் இறங்கி ஆட எங்களை விடவும் இல்லை. கிரிக்கெட் என்றால் அப்பா டிவியை விடாமல் இருக்கிற நாள், அவ்வளவுதான் தெரியும். ஒரு நாள் ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

"அது என்ன டாக்டர் ட்ரயல் பால்?"

"தெருவுல ஆடுறப்ப முதல் பால் கணக்குல இல்லைங்க. பேட்டு புடிக்கிறவருக்கு வெளிச்சம் பழகணும், தரை பழகணும். அதுல போல்டு ஆனாலும் அவுட் இல்ல. சிக்ஸ் அடிச்சாலும் ரன் இல்ல."

"அப்ப அது எதுக்கு?"

"யாரு எப்படின்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்ல."

அதற்குள் ஓர் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவர் திரும்பிக்கொண்டார். பாதி சொன்னார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மீதிப் பாதி ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று அவர் நினைத்திருப்பார்.

லேபுக்கு நான் வந்த முதல் மாதம் இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். சர்க்கரையே இல்லாத ஒரு வாத்தியாருக்கு முந்நூற்றுச் சொச்சம் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு டாக்டராக இருந்தால் மாத்திரை எழுதியிருப்பார். இவர் வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏங்க, இவருக்கு இன்னொரு தடவை எடுங்க" என்று ஜன்னலில் தலையை நீட்டினார். இரண்டாம் தடவை தொண்ணூறு. நான் எழுந்து உள்ளே போய் அழுதேன். திரும்பி வந்தபோது ஜன்னல் விளிம்பில் பழைய சீட்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே அவர் கையெழுத்தில் "ட்ரயல்" என்று இருந்தது. அதை நான் கிழிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குழாயிலும் பெயர் மாறவில்லை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள் என்றுதான் இன்றைக்கும் எனக்குப் பெயர். வரிச்சிக்குடியிலிருந்துகூட ஆள் வருகிறார்கள்.

சாயங்காலம் அவரைக் கிளப்பிக்கொண்டு போக கீப்பர் அண்ணன் வருவார். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை பார்க்கிற வேலை. டாக்டரின் பந்துக்கு விக்கெட் கீப்பராக நின்றே இரண்டு விரல் கோணிப்போனவர். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இருட்டும்வரை பயிற்சி நடக்கும். வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் கத்துகிற சத்தம் என் லேபுக்குள் கேட்கும். வார்த்தை எதுவும் தெளிவாகக் கேட்காது.

அந்த ட்ரயல் பித்து அவருக்கு எப்படிப் பிடித்தது என்று கீப்பர் அண்ணன்தான் சொன்னார். மருத்துவம் படிக்கும்போது பெரிய அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்க பஸ்ஸில் போயிருக்கிறார். முதல் பந்து வியர்வையில் வழுக்கி ஃபுல் டாஸாகப் போய்விட்டது. அடித்தவன் மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். அந்த ஓவர் முடிந்ததும் "அடுத்த ஆள் வாப்பா" என்றுவிட்டார்கள். மீதி ஐந்து பந்தும் அடித்தவனை மட்டை படாமல் தடவ வைத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இதை நான் அவரிடமே கேட்டபோது அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"செலக்‌ஷன் ட்ரயல்னு பேரு வச்சிக்கிட்டு ட்ரயலையே எண்ணிட்டாங்க பாருங்க" என்று சிரித்தார்.

அவர் அப்பாவுக்கு மகன் டாக்டரானதில் இருந்த பெருமையைக் கிரிக்கெட் கெடுத்துக்கொண்டே இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவார். மகன் அதே ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பேண்ட்டில் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே ஆரம்பிப்பார்.

"நம்மள ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். இவன் எதிராளி ஆட்டத்தை ஆடுறான்."

"முடிஞ்ச பிறவு சொல்லுங்கப்பா, நாலு மணிக்கு வந்துடுவேன்" என்பார் மகன்.

இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. அந்தக் குணத்தால் ஓர் ஆள் சாகப் பார்த்ததையும் நான் சொல்ல வேண்டும். வயல் வேலைக்குப் போகிற ஒருவர், நாற்பது வயது இருக்கும், காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு வழக்கம்போல மாத்திரை கொடுத்து நாளைக்கு வரச் சொன்னார். சாயங்காலமே ஆட்டோவில் மடக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. டாக்டர் அப்படியே அந்த ஆட்டோவில் ஏறிப் போனவர், மூன்றாம் நாள்தான் கிளினிக் திறந்தார். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் அவருடைய மனைவி வந்து, உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். டாக்டர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். அந்த அம்மா மூச்சு வாங்கி நிறுத்தியதும், "நீங்க சொன்னது எல்லாம் சரிங்கம்மா" என்றார்.

அன்றைக்குப் பந்தை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். வயிற்று வலிக்கு மட்டும் ட்ரயல் கிடையாது என்று எனக்கும் சொல்லிவைத்தார். மற்றவர்களுக்குக்கூட, முதல் நாள் அனுப்பிவைத்தால் அன்று சாயங்காலமே போன் செய்து கேட்பார். ஒரு மாதம் கழித்து அந்த அம்மாதான் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து, தையல் போட்ட இடத்தைக் காட்டிவிட்டு, "உங்க பந்து எங்க டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு டிராயரைத் திறந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு இருப்பது இன்னது என்று எனக்கே தெரிந்தது அந்த நிமிஷம்தான்.

அவர் என்னிடம் கேட்டது அடுத்த ஆடி மாதத்தில். மத்தியானம், கரண்ட் போயிருந்தது. மெஷின் நின்றுவிட்டதால் நான்கு குழாய்களைத் தாங்கியில் வைத்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னலுக்கு வரவில்லை. வெளியே இறங்கிச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். ஆறு வருஷத்தில் அவரை முழுதாக அந்த வாசலில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏங்க, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

காலையிலிருந்து ரிசல்ட் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவே வாயில் வந்து விழுந்தது.

"கரண்ட் வரட்டும் டாக்டர், சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அவர் கேட்டது மண்டைக்குள் போனது. முகம் கொதித்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சிரித்தார், வாய்விட்டு.

"சரி. ட்ரயல் பால். கணக்குல இல்ல" என்றார். போய்விட்டார்.

பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். கணக்கில் இல்லை என்று அவரே சொல்லிவிட்டாரே, இனிமேல் சரியாகக் கேட்பார், சரியாகப் பதில் சொல்லலாம். பதிலைத் தயாராகவே வைத்திருந்தேன். அவர் பூசைக்குப் போகிறவர், நாங்கள் சனிப்பெயர்ச்சி பார்க்கிறவர்கள். வீட்டில் என்ன சொல்வார்கள், அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை ஒத்திகை பார்த்தாயிற்று. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன். அக்கா ஒரு தினுசாகப் பார்த்தாள்.

அவர் கேட்கவில்லை. ஜன்னலில் சீட்டு வந்தது, "ஏங்க" வந்தது, அது வரவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு கோபம் வந்தது. விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறார், என் பதிலைக் கேட்டு நல்லவேளை என்று நழுவிவிட்டார் என்று நினைத்தேன். கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்ப்பேன். கரண்ட் வந்துவிட்டால் மெஷினைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். நானாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்பிள்ளை எழுந்து போய், "கரண்ட் வந்துடுச்சு டாக்டர்" என்று சொல்வதா? கேட்டவர் அவர், மறுபடி கேட்க வேண்டியவரும் அவர்தான். இந்த ரோஷத்தை நான் ஒரு வருஷத்துக்கு மேலே கட்டிக் காத்தேன்.

இதற்கிடையில் அவருக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. பிரான்ஸுக்குப் போ போ என்று பத்து வருஷமாக நச்சரித்த அப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"போறதுதான் போற, அந்த இங்கிலீஷ்காரன்கிட்டயா போவணும்?"

"அங்கதான்பா ஞாயித்துக்கெழமை ஆட்டம் இருக்கு."

கிளம்புவதற்கு முந்தின நாள் லேபுக்கு வந்தார். வாசல் வழியாக. கையில் அந்தப் பந்து.

"ஏங்க, நாளைக்குக் கிளம்புறேன்."

"நல்லபடியா போய்ட்டு வாங்க டாக்டர்."

போகாமல் நின்றார். பந்து விரலுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் குழாய்களில் பெயர் ஒட்டினேன். ஒட்டியதற்கு மேலேயே ஒட்டினேன். கேளுங்கள், இப்போதாவது கேளுங்கள் என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"இல்லையே டாக்டர்."

தலையை ஆட்டிக்கொண்டார். போய்விட்டார். கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. நடு ஜன்னலை நானே ஆள் வைத்து அடைத்துவிட்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பதற்கு அவர்தான் காரணம் என்று அக்கா சொல்வாள். எனக்குக் கோபம் வரும். பாதிதான் உண்மை. வந்த மாப்பிள்ளைகளில் இரண்டு பேர் சகிக்கவில்லை என்பதும் உண்மை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன செவ்வாய்க்கிழமை. கீப்பர் அண்ணனுக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் என் பெஞ்சிலேயே உட்கார்ந்து இரண்டாவது தடவை கொடுப்பார். அன்றைக்கும் அப்படி உட்கார்ந்திருந்தவர், "இந்தாம்மா, நம்ம டாக்டரு அனுப்பியிருக்காரு, பாரு" என்று போனை நீட்டினார்.

அவருக்கு அங்கே கல்யாணம் ஆனது எனக்குத் தெரியும். மனைவி கேரளாக்காரர், அதே ஆஸ்பத்திரியில் டாக்டர். ஒரு பெண் குழந்தை. தெரிந்த விஷயம்தானே என்று தைரியமாக வாங்கிப் பார்த்தேன்.

வீடியோவில் பச்சையாகப் பெரிய மைதானம். அவருக்கு முடி நரைத்துவிட்டது. ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். எதிரே அவர் மகள், எட்டு வயது இருக்கும், தன்னைவிடக் கனமான மட்டையோடு நிற்கிறாள். அவர் மெதுவாக ஒரு பந்து போடுகிறார். அவள் வீசுகிறாள், படவில்லை, ஸ்டம்ப் விழுகிறது. அவர் வந்து ஸ்டம்பை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். பந்தை எடுத்துக்கொண்டு நிற்கிறார். நிற்கிறார். பந்து விரலுக்குள் சுற்றுகிறது. போடவில்லை. அந்தப் பெண் காலுறையை இழுத்து விட்டுக்கொள்கிறாள், எங்கேயோ பறவையைப் பார்க்கிறாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏண்ணே போடாம நிக்கிறாரு?"

"அவ சொல்லணும்ல."

"என்ன சொல்லணும்?"

"போடுன்னு. ட்ரயல் பாலுக்கு அப்புறம் பேட்டு புடிச்சவங்க 'போடு'ன்னு சொன்னாத்தான் நெசப் பால் போடலாம். சொல்லாம போட்டா செல்லாது. நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியுமேம்மா, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"சொல்லவே இல்லன்னா?"

"நிப்பாரு. ஒரு தடவை நான் பேட்டை ஊனிக்கிட்டு ரோட்டுல போற ஆளோட பேசிக்கிட்டே இருந்துட்டேன். கால் மணி நேரம் நின்னாரு மனுசன். வாயத் தொறந்து கேக்கவே மாட்டாரு. கேட்டா அவசரப்படுத்துன மாதிரி ஆயிடுமாம். ரெடி ஆவுறது அவங்க பாடு, நிக்கிறது நம்ம பாடும்பாரு."

போனில் அந்தப் பெண் நிமிர்ந்து, மழலைத் தமிழில் "போடு" என்றாள். உடனே அவர் முகம் மலர்ந்தது. ஓடி வந்து போட்டார். வீடியோ அதோடு முடிந்துவிட்டது.

மணி ஆகியிருந்தது. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். ரப்பர் கட்டுப் போட்டு, பஞ்சால் துடைத்து, ஊசியை ஏற்றினேன். ரத்தம் வரவில்லை. எடுத்துவிட்டேன்.

"என்னம்மா, உன் கையி தவறி நான் பார்த்ததே இல்லையே."

"இருங்கண்ணே, ஒரு நிமிஷம்."

போடு. ஒரு நாளைக்கு நூறு தடவை என் வாயில் வருகிற சொல். செருப்பை அங்கே போடுங்க, இந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுங்க, கழற்றின வளையலை மறக்காமல் போடுங்க. ஜன்னல் வழியாக அவரிடமே சொல்லியிருக்கிறேன், அந்தச் சீட்டில் தேதி போடுங்க டாக்டர் என்று. வருஷத்துக்கு மேலே அவர் நின்றிருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாளும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். நான் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அதை இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"எதை, டாக்டரையா? பாரும்மா." அவரே திரையைத் தட்டி ஓடவிட்டார்.

பச்சை மைதானம். முதல் பந்து, ஸ்டம்ப் விழுந்தது. அவர் வந்து நிமிர்த்திவிட்டுப் போய், பந்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றார். அந்தப் பெண் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் நான் சொன்னேன்.

"போடுங்க."

கீப்பர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "போட்டாச்சேம்மா, அதான் ஓடுதே" என்றார்.